கூப்பிட்ட குரலுக்கு நிற்பவர்கள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள உன்னிச்சையில் வீதியால் போகிற ஒருவரை "எங்க மனே போறாய்?" என்று யாராவது கேட்டால், அவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார். சைக்கிளில் போனாலும் ஒரு காலை ஊன்றி நிற்பார். நிற்காமல் போனால் அது மறுநாள் ஊர்க்கதையாகும். இன்னாரின் மகனுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்பார்கள். குளத்துக் கட்டிலும் வயல் வரம்பிலும் ஆயித்தியமலைக் கடைவாசலிலும் பழகியது இந்த மரியாதை. படுவான்கரை முழுக்கவே இப்படித்தான்.

இதே மனிதர் வலையிறவுப் பாலம் தாண்டி, மட்டக்களப்பில் இரவு ரயிலேறி, விடியற்காலையில் கொழும்புக் கோட்டையில் இறங்குகிறார். கடவுச்சீட்டு வேலையாக இருக்கலாம், மகரகம ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற உறவினரைப் பார்க்க இருக்கலாம், மகளை மத்திய கிழக்குக்கு அனுப்புகிற அலுவலாக இருக்கலாம். ஸ்டேஷன் வாசலில் ஒல்கொட் சிலையைத் தாண்டுவதற்குள் ஒரு குரல் வரும்: "ஐயா, எங்க போகணும்?" அவர் நிற்கிறார். வீதி மோசடிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் காசு கைமாறுகிற இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். என் கணக்கில் கதை இந்த நிற்றலில் தொடங்குகிறது.

ஏமாந்தவரைப் பற்றி ஊரில் சொல்லப்படுகிற தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: பேராசைப்பட்டான், பட்டான். பொலிஸ்காரரும் அதைத்தான் சொல்கிறார், பத்திரிகைத் தலையங்கமும் அதைத்தான் சொல்கிறது. சில மோசடிகளுக்கு அது பொருந்தும். ஆனால் நடைபாதையில் நடப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், பேராசையைவிட நல்ல பழக்கங்களைக் குறிவைப்பவையே அதிகம். கேட்டால் பதில் சொல்வது, பெரியவர் சொன்னால் கேட்பது, தந்தால் வாங்கிக்கொள்வது, உதவினால் நன்றியோடிருப்பது, அதிகாரி கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவது: இவற்றில் எதைப் பேராசை என்பது?

தமிழுக்கு இது புதிய சங்கதி இல்லை. மட்டக்களப்பின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. அந்தக் கதையின் திருப்பமே ஒரு வீதி மோசடிதான். சிலப்பதிகாரத்தில் அது நடக்கிற விதத்தைக் கவனித்துப் பாருங்கள். புகாரிலிருந்து வந்த கோவலனுக்கு மதுரை புதிய நகரம். கையில் விற்க வேண்டிய சிலம்பு. எதிரே அரண்மனைச் சட்டை அணிந்து, நூறு பொற்கொல்லர் பின்தொடர ஒருவன் வருகிறான். அந்தக் கூட்டத்தையும் உடுப்பையும் பார்த்தே கோவலன் நம்புகிறான்; விலை மதிக்க முடியுமா என்று தானே கேட்கிறான். பொற்கொல்லன் பணிவோடு பேசுகிறான், சிலம்பைப் புகழ்கிறான், தன் குடிலுக்குப் பக்கத்தில் காத்திருக்கச் சொல்கிறான். கோவலன் காத்திருக்கிறான். உடுப்பு, ஆட்கூட்டம், இனிய சொல், "இங்கேயே இருங்கள், வந்துவிடுகிறேன்": இன்று கொழும்புப் புறக்கோட்டையில் பயன்படுகிற சாமான்கள் இந்த நான்கும்தான். கோவலனிடம் ஆயிரம் குற்றம் சொல்லலாம்; அந்த வீதியில் அவன் பேராசைப்பட்டான் என்று மட்டும் சொல்ல முடியாது.

உலகத்திலும் இதற்கு வரலாறு நீளம். பொஷ் என்ற நெதர்லாந்து ஓவியரின் பெயரால் அறியப்படும் ஒரு படம், ஏறத்தாழ 500 ஆண்டு பழையது. கிண்ணமும் உருண்டையும் வைத்து ஒருவன் வித்தை காட்டுகிறான். மேசைமேல் குனிந்து ஒருவர் வாய் பிளந்து பார்க்கிறார். அவருக்குப் பின்னால் ஒன்றும் அறியாதவன்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் கை அவருடைய பணப்பையில் இருக்கிறது. 1849இல் நியூயோர்க்கில் பிடிபட்ட வில்லியம் தொம்சனுக்கு வித்தைகூடத் தேவைப்படவில்லை. நன்றாக உடுத்துக்கொண்டு, தெருவில் போகிற கனவான்களிடம் பழகியவன்போலப் பேசுவான். நாளை வரைக்கும் உங்கள் கடிகாரத்தை என்னிடம் நம்பித் தருவீர்களா என்று கேட்பான். தந்தார்கள். நம்பவில்லை என்று ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே சொல்வது அத்தனை சங்கடமான காரியம்.

இந்தச் சங்கடம் போன்றவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோவும், போல் வில்சன் என்ற வித்தைக்காரரும் 2011இல் எழுதிய ஆய்வு ஒழுங்காக வகைப்படுத்தியது. பிபிசி தொலைக்காட்சிக்காக வில்சன் குழு தெருவிலேயே நடத்திக் காட்டிய ஏமாற்று வேலைகளை ஆராய்ந்து, அவற்றுக்கு அடியில் இருக்கிற மனிதப் பலவீனங்கள் ஏழு என்றார்கள். கவனம் சிதறுதல், அதிகாரத்துக்குப் பணிதல், கூட்டத்தோடு போதல், தன் கையிலும் கறை படிந்திருத்தல், கண்டதை நம்புதல், தேவையும் ஆசையும், அவசரம். ஆசை ஏழில் ஒன்றுதான். இந்த ஏழைக் கையில் வைத்துக்கொண்டு நமது தெருக்களுக்கு வருவோம்.

முதலில் மூன்று சீட்டு. ஓர் அட்டைப்பெட்டி, அதன்மேல் பத்திரிகைத்தாள், இரண்டு கறுப்புச் சீட்டு, ஒரு சிவப்பு ராணி. ஆடுகிறவன் ஒரு கையில் இரண்டு சீட்டை மேலும் கீழுமாகப் பிடித்திருப்பான். கீழே இருப்பது ராணி என்று உங்களுக்குக் காட்டியிருப்பான். வீசும்போது கீழ்ச்சீட்டு விழுகிறது என்று கண் நினைக்கும். விரல் விடுவது மேற்சீட்டை. இது வித்தையின் பாதி மட்டுமே. மறுபாதி சுற்றி நிற்கிற கூட்டம். ஆட்டக்காரன் யாரோடோ பேசத் திரும்புகிற வேளையில், பக்கத்தில் நிற்கிற ஒருவர் ராணியின் மூலையை மெல்ல மடித்துவிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். இப்போது உங்களுக்கு ராணி எது என்று தெரியும்; ஆட்டக்காரனுக்குத் தெரியாது. இருக்கிற காசை எல்லாம் வைப்பீர்கள். மூலை மடிந்த சீட்டைத் திருப்பினால் கறுப்பு. அடுத்த வீச்சில் ராணியின் மடிப்பை நிமிர்த்தி இன்னொன்றை மடித்தது ஆட்டக்காரனின் விரல். கண்ணடித்தவர் அவனுடைய ஆள். நீங்கள் வாய் திறப்பதற்குள் ஒருவன் "பொலிஸ்!" என்பான், பெட்டி உதைபட்டு விழும், கூட்டம் கரையும். முறையிடலாம் என்றால், என்னவென்று முறையிடுவது? அவனை ஏமாற்றப் பார்த்தேன், அவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்றா? இலங்கையில் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் வேறு இருக்கிறது.

கூட்டம் எப்படி ஆளை இழுக்கிறது என்பதை அறிய உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரம் நியூயோர்க் நடைபாதையில் ஒரு சோதனை செய்து 1969இல் வெளியிட்டார். ஒருவர் மட்டும் நின்று மேலே ஒரு யன்னலைப் பார்த்தபோது, கடந்து போனவர்களில் 100க்கு 4 பேர் தாங்களும் நின்றார்கள். 15 பேர் நின்று பார்த்தபோது 40 பேர் நின்றார்கள். மேலே பார்க்கத்தக்கதாக ஒன்றும் இருக்கவில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கிண்ணமும் உருண்டையும் வைத்து ஆடுகிறவர்கள் கூட்டத்தைக் கூலிக்கு நிறுத்தி வைப்பது இதனால்தான். ஆறு பேர் நின்றால் ஏழாவதாக நீங்கள் வருவீர்கள்.

அடுத்தது போலிப் பொலிஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதில் விழுகிற விதம் தனி.

சென்னைப் பத்திரிகைகளில் பல்லாண்டுகளாக ஏறக்குறைய ஒரே வாசகத்தில் வருகிற செய்தி ஒன்று உண்டு. காலையில் கோயிலுக்கோ கடைக்கோ நடந்துபோகும் வயதான அம்மா. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், தலைமுடி கட்டையாக வெட்டி, காக்கிக் காற்சட்டை. "அம்மா, நாங்க போலீஸ். முன்னாடி தெருவுல கொலை நடந்திருக்கு. இவ்வளவு நகையோட போகலாமா? கழட்டிப் பைக்குள்ள வைங்க." அம்மா தயங்குவார். அதற்காகவே ஏற்கெனவே ஏற்பாடு செய்த ஒரு வழிப்போக்கர் வருவார், கழுத்தில் சங்கிலியோடு. அவரையும் மறிப்பார்கள்; அவர் மறுபேச்சில்லாமல் கழற்றித் தருவார்; அவருடையதைத் தாளில் மடித்து மரியாதையாகக் கையில் கொடுப்பார்கள். பிறகு அம்மாவும் கழற்றுவார். அவருடையதையும் தாளில் மடித்து, அவர் கண்ணெதிரே பைக்குள் வைத்து, "வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்கணும்" என்பார்கள். வீட்டில் பிரித்தால் உள்ளே கல். அதிகாரம், கூட்டம், அவசரம் மூன்றும் இரண்டு நிமிடத்துக்குள் வேலை செய்துவிடுகின்றன. இந்த அம்மாவிடம் ஆசை எங்கே இருந்தது? நகையைக் காப்பாற்ற வேண்டும் என்கிற கவனம்தான் இருந்தது.

கொழும்பில் தமிழரிடம் இதற்கு இன்னொரு கூர் உண்டு. போர் நடந்த ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்கு, சிவில் உடையில் ஒருவர் வந்து "ஐசி" என்று அடையாள அட்டையைக் கேட்டால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். நீங்கள் யார், எந்தப் பொலிஸ் நிலையம் என்று திருப்பிக் கேட்பது அந்த நாட்களில் ஆபத்தான கேள்வி. 2009க்குப் பிறகு சோதனைச் சாவடிகள் குறைந்தன. உடம்பில் பதிந்தது குறையவில்லை. சிஐடி என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கு நம்மவர் பயம் தயார்நிலையில் கிடைக்கிற மூலதனம். மொழி தெரியாத பதற்றமும் சேர்ந்தால், பையைத் திறந்து காட்டச் சொன்னால் திறப்பார்கள், ஓட்டோவில் ஏறச் சொன்னால் ஏறுவார்கள். இதைக் கிராமத்து அப்பாவித்தனம் என்று சிரிப்பவர்கள் அந்தக் காலத்தில் கொழும்பில் அதிகாலை நடந்துபோய்ப் பார்த்திராதவர்கள்.

கனடாவில் ரொறன்ரோவையும் அதைச் சுற்றியுள்ள நகரங்களையும் சேர்ந்த பொலிஸ் பிரிவுகள் மீண்டும் மீண்டும் எச்சரித்துவருகிற ஒரு மோசடி, நமது மரியாதையை இன்னும் நுட்பமாகத் தொடுகிறது. பெரும்பாலும் தெற்காசிய முதியவர்களே இலக்கு. ஸ்காபரோவில் மாலை நடைக்குப் போகும் அம்மாவின் பக்கத்தில் ஒரு கார் நிற்கும். உள்ளே ஒரு பெண், சில வேளை பின்சீட்டில் குழந்தையும். வழி கேட்பார்கள். சொல்லிக்கொடுத்ததும் கண்கலங்கி, "நீங்கள் எங்கள் அம்மாவைப் போல இருக்கிறீர்கள்" என்பார்கள். இறந்துபோனவர் நினைவாக இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு சங்கிலியைக் கழுத்தில் போட்டுக் கட்டிப்பிடிப்பார்கள். கார் போன பிறகு பார்த்தால் அந்தப் பித்தளைச் சங்கிலி இருக்கும், தாலிக்கொடி இருக்காது. பரிசு தருகிறவரைத் தள்ளிவிடுவதும், கண்கலங்கி நிற்கிற பெண்ணின் கையைத் தட்டிவிடுவதும் நமது தாய்மாருக்கு வராது. பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயப் படிகளில் நூற்கயிறு கட்டுகிறவர்களும் இதே நரம்பைத்தான் பிடிக்கிறார்கள்: கையைப் பிடித்துக் கயிறு கட்டியாகிவிட்டது, இனிக் காசு தராமல் போவது எப்படி?

ஆசைதான் காரணம் என்று நியாயமாகச் சொல்லக்கூடிய வகையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதிசயச் சக்தி உண்டு என்று சொல்லி விற்பவை அவை: இலங்கையில் யானைத் தந்தத்திலிருந்து எடுத்ததாகச் சொல்லும் கஜமுத்து, வலம்புரிச் சங்கு; தமிழ்நாட்டில் இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு, மண்ணுளிப் பாம்பு. வீதி வெட்டும்போது புதையல் கிடைத்தது என்று கூலியாள் வேடத்தில் வருகிறவன் முதலில் உண்மையான தங்கத் துணுக்கு ஒன்றைத் தருவான். செட்டியார் தெரு நகைக்கடையில் உரசிப் பார்த்தால் தங்கம்தான். மீதி முழுக்கப் பித்தளை. கஜமுத்து வாங்கப் போய் ஏமாந்தவர் பொலிஸுக்கும் போக முடியாது, ஏனென்றால் அதை வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஸ்டஜானோ சொன்ன கறைபடிந்த கை இதுதான்.

ஓட்டோ, சாப்பாடு, தருமம் கேட்கிற வகையை வேகமாகக் கடந்துவிடலாம். நவம் பெரஹெரா ஊர்வலம் கொழும்பு கங்காராமை விகாரையில் ஆண்டுக்கொரு முறை, பெப்ரவரியில் நடப்பது. காலிமுகத்திடலில் நின்று பேசுகிற சில கனவான்களின் கணக்கில் அது ஒவ்வொரு நாளும் நடக்கிறது, அதுவும் இன்றைக்கு மட்டும், இன்னும் அரை மணித்தியாலத்தில். அதை நம்பி ஓட்டோ ஏறுகிற தமிழ்நாட்டுப் பயணிகள் மாணிக்கக்கல் கடையில் இறக்கப்படுவார்கள். 2024 ஏப்ரலில் புதுக்கடையில் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் கொத்து ஒன்றுக்கு 1,900 ரூபா கேட்ட காணொளி பரவியதும் கடைக்காரர் கைதானார். விலைப்பட்டியலைப் பார்வைக்கு வைப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. வைக்காத இடத்தில் சாப்பிடுவதற்கு முன் விலை கேளுங்கள், முறையிட நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி, பிளாஸ்டிக் உறையிட்ட ஆஸ்பத்திரித் துண்டை நீட்டுகிறவர்களில் உண்மையான நோயாளியும் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கிற 50 ரூபாவுக்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை.

பெரிய இழப்பு வருவது உதவிசெய்ய வருகிறவர்களால். ஏடிஎம் இயந்திரத்துக்கு முன் தடுமாறுகிற அம்மாவுக்கு ஒரு தம்பி உதவுவார். இரகசிய இலக்கத்தைப் பார்த்துக்கொள்வார். திருப்பித் தருகிற அட்டை வேறொருவருடையது. அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு 2023இலிருந்து வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கிய பிறகு, அட்டை பழக்கமில்லாத எத்தனையோ பேர் அந்த இயந்திரத்துக்கு முன் நிற்கிறார்கள். கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு வெளியே "வரிசையில் நிக்கத் தேவையில்லை அக்கா" என்று வருகிறவர், மருதானையில் வெளிநாட்டு வேலை முகவர் நிலையங்கள் நெருங்கிக் கிடக்கிற வீதிகளில் கோப்போடு அலைகிற உபமுகவர், இவர்கள் எல்லாரும் தமிழில் பேசுவார்கள். அதுவும் நமது பக்கத்துத் தமிழில் பேசினால் முடிந்தது. எந்த ஊர் என்பார், கொக்கட்டிச்சோலையில் சொந்தம் இருக்கிறது என்பார். புதிய நகரத்தில் ஊர்ப்பேச்சைக் கேட்கிற ஆறுதலில் கடவுச்சீட்டைக் கையில் கொடுத்துவிடுவோம். 1985ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உரிமம் தராத முகவர் நிலையம் எதுவும் ஆள் அனுப்பக்கூடாது. உரிமம் உண்டா என்று 1989க்கு அழைத்துக் கேட்கலாம். கேட்காமல் சுற்றுலா விசாவில் ஏறியவர்கள் எங்கெங்கோ போய் முடிந்திருக்கிறார்கள். மியன்மாரின் மியாவாடிப் பக்கத்து இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட இலங்கையரில் ஒரு பகுதியினர் 2024இல் மீட்கப்பட்டார்கள். கணினி வேலை என்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட அவர்களை, உலகத்தின் வேறு மூலைகளில் இருப்பவர்களை ஏமாற்றுகிற வேலையில்தான் அங்கே உட்கார்த்தியிருந்தார்கள்.

விளக்கங்களில் இரண்டை நான் ஏற்பதில்லை. ஒன்று, "ஏதோ தூவி மயக்கிட்டான்" என்பது. மட்டக்களப்பாருக்கு இதில் தனி உரிமை உண்டு. வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நாடு முழுக்கப் பெயர் எடுத்தவர்கள், கொழும்பில் ஏமாந்தால் மட்டும் மந்திரம் எதிராளியிடம் போய்விடுகிறது. ரயிலில் மயக்க மருந்து கலந்த பிஸ்கட், பானம் கொடுத்துக் கொள்ளையடிப்பது உண்மை. அறியாதவர் தருகிற தின்பண்டத்தை வேண்டாம் என்பது சரி. ஆனால் நகையைத் தானே கழற்றிக் கொடுத்தவருக்கு மருந்து தேவைப்படவில்லை. இரண்டு பேர் மாறி மாறிப் பேசி அவசரப்படுத்தினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். மயக்கினான் என்ற விளக்கம் மானத்தைக் காப்பாற்றும்; அடுத்தவரைக் காப்பாற்றாது.

மற்றது, இன்ன ஊரான், இன்ன சாதிக்காரன், இன்ன மொழிக்காரன் என்று ஆளை அடையாளம் காட்டுவது. இந்தியாவில் வெள்ளைக்காரன் ஆட்சி இதை 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமாகவே இயற்றிப் பார்த்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துச் சமூகங்கள் பல அதன்கீழ் ஒவ்வொரு இரவும் பொலிஸ் நிலையத்தில் ரேகை வைக்க நேர்ந்தது. பிறப்பை வைத்துத் திருடனைத் தேடுகிற அந்தக் கணக்கு லட்சக்கணக்கான குற்றமற்றவர்களை நசுக்கியது. நடைமுறையிலும் அது உதவாது: சிங்களவனைப் பார்த்துப் பயந்துகொண்டு போகிறவரை ஏமாற்றுவதற்குத் தமிழனே போதும்.

அப்படியானால் யாரையும் நம்பாதே என்பதா? பொலிஸ் துண்டுப்பிரசுரம் அதைத்தான் சொல்லும். மில்கிரம் 1970இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் நகரத்து மனிதர்கள் ஏன் முகம் கொடுப்பதில்லை என்பதற்குக் காரணம் சொன்னார்: ஒரு நாளில் எதிர்ப்படுகிற ஆயிரம் பேருக்கும் பதில் சொல்லப் போனால் வாழ முடியாது, ஆகவே கண்டும் காணாமல் போகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சரி. உன்னிச்சையிலிருந்து இரண்டு நாளுக்கு வந்தவரால் அப்படி நடக்க முடியாது. அவர் வழி கேட்டே ஆக வேண்டும், யாரையாவது நம்பியே ஆக வேண்டும்.

எனக்குச் சரியாகப் படுகிற கணக்கு வேறு. கொழும்பு மாதிரி நகரத்தில் சுத்துமாத்துக்காரர்கள் மிகச் சிலர். நீங்களாகப் போய் ஒரு கடைக்காரரிடமோ, குழந்தையோடு நிற்கிற பெண்ணிடமோ, பஸ் நேரக்காப்பாளரிடமோ வழி கேட்டால், அந்த ஆள் சுத்துமாத்துக்காரராக இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. ஆனால் உங்களைத் தேடி வருகிறவர்கள் அந்த நகரத்திலிருந்து பொறுக்கி எடுத்த சிலர். கூட்டத்தில் உங்கள் பையையும் நடையையும் பார்த்துத் தெரிந்தெடுத்து வருகிறார்கள். ஆகவே நகரத்தை நம்பலாம். ஆளை நீங்கள் தெரிந்தெடுங்கள். புறக்கோட்டையில் இதற்குக் கஷ்டமே இல்லை; குறுக்குத் தெருக்களில் தமிழ் பேசாத கடையைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

தேடி வந்தவரிடம் மரியாதையை விடவேண்டியதில்லை. "வேணாம் தம்பி" என்று சிரித்துச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். வாய் பதில் சொல்லட்டும், கால் நிற்க வேண்டாம். நின்றுவிட்டீர்களானால், இடத்தையும் நேரத்தையும் அவர் கையில் கொடுக்காதீர்கள்: அந்தக் கடைக்குள் போய்ப் பேசுவோம், மகனிடம் போனில் கேட்டுவிட்டு வருகிறேன், நாளைக்குப் பார்ப்போம். நேர்மையானவர் காத்திருப்பார். பொலிஸ் என்று சொல்கிறவரிடம் "நிலையத்துக்குப் போவோம் சேர், நடந்தே வாறன்" என்று சொல்லலாம். நகையைக் கழற்றித் தாளில் மடிக்கச் சொல்கிற வேலை எந்த நாட்டுப் பொலிஸுக்கும் கிடையாது. ஓட்டோவுக்குச் செயலியில் கட்டணத்தை முன்கூட்டிப் பார்க்கலாம். போன் பழக்கமில்லாதவர் ஏறுவதற்கு முன் தொகையைப் பேசி முடிக்க வேண்டும். பெரிய தாள்களை உள்ளே வைத்து, சில்லறையைத் தனியாகச் சட்டைப்பையில் வைத்தால், கடைவாசலில் காசை எல்லாம் விரித்துக் காட்ட நேராது. ஏடிஎம்மில் சிக்கல் என்றால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் உள்ளே இருக்கிற உத்தியோகத்தரைத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏமாறலாம். அதன் பிறகு நடப்பதைச் சமூகவியலாளர் எர்விங் கொஃப்மன் 1952இல் ஒரு கட்டுரையாக எழுதினார். ஏமாற்றும் கும்பல் ஏமாந்தவரோடு ஓர் ஆளை விட்டுவிட்டுப் போகுமாம், அவருடைய கோபத்தை ஆற்ற: போகட்டும், யாருக்கும் நடக்கிறதுதான், வெளியே சொன்னால் உங்களுக்குத்தான் வெட்கம். நமது ஊரில் அந்த வேலையைக் கும்பலுக்குப் பதிலாக வீட்டார் செய்கிறார்கள். "உனக்கு அறிவில்லையா, ஒருத்தருக்கும் சொல்லாத" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அதே வாசலில் அடுத்த கிழமை பக்கத்து வீட்டுக்காரர் அதே ஆளிடம் விழுகிறார்.

சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. தமிழ்ப்படம் பார்த்து வளர்ந்த நமக்கு 420 என்ற எண் மனப்பாடம். அது இந்தியாவின் பழைய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அங்கே அது 318ஆம் பிரிவு. இலங்கையில் ஏமாற்றிப் பொருளைப் பறிப்பதற்கு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 403ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறை. பலவீனம் முறைப்பாட்டு மேசையில் இருக்கிறது. கொழும்பில் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்பது வழக்கமாகிவிட்டது. தமிழ் 1987இன் 13ஆவது திருத்தத்தோடு அரச கரும மொழி ஆயிற்று. நாட்டின் எந்தப் பகுதியிலும் அரசோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது.

ஏமாந்து வந்தவரைத் திட்டாதீர்கள். எந்த இடம், என்ன நேரம், என்ன சொன்னான் என்று கேட்டு, அடுத்து கொழும்புக்குப் போகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். நீங்களே ஏமாந்தால் 119க்கு அழையுங்கள், பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள், முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாசித்து விளங்காத தாளில் மட்டும் கையொப்பம் வைக்காதீர்கள்.